வாக்காளர் பட்டியலை இன்னொரு முறை கையில் எடுங்கள்: ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

27 டிசம்பர் 2021

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளின் மன்றத் தலைவர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு இன்னும் 18 நாள்தான் இருக்கிறது. சென்னை, திருப்பூர், கோவை, பெங்களூர் என்று வேலைக்குப் போயிருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பண்டிகைக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் பஸ் பிடித்து வந்து இறங்குவார்கள். இந்த வருடம் அவர்களோடு கொரோனாக் கிருமியின் புதிய திரிபான ஒமைக்ரானும் வந்து இறங்கும் என்றே நான் நினைக்கிறேன். கொரோனா தடுப்பூசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரமாவது ஆகும். போகிக்கு முன்னால் அந்தப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்றால் இந்த வாரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். இந்தக் கணக்குதான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது.

நான் கிராம சுகாதார செவிலியராக விழுப்புரம் மாவட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முத்தடுப்பூசி, தட்டம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து எல்லாவற்றுக்கும் வேக்சின் கேரியரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தவள். இப்போதும் பக்கத்து ஊர்களில் கேம்ப் நடந்தால் போய் உட்கார்ந்து கைவேலைக்கு உதவுகிறேன். அங்கே பார்ப்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நடந்திருக்கும் நல்லதைச் சொல்ல வேண்டும். இந்த வருடத் தொடக்கத்தில் ஊசிக்கு ஆளே வரவில்லை. ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கு அடுத்த நாள் இறந்துபோனார். அவர் மரத்தையும் மக்களையும் நேசித்த மனிதர், ஊசியைப் பற்றி ஊருக்கு நல்லது சொல்லத்தான் அன்றைக்கு மருத்துவமனைக்குப் போனார். அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஒன்றிய அரசின் ஆய்வுக் குழுவும் அக்டோபரில் அதையே சொன்னது. ஆனால் ஏப்ரலில் பிடித்த பயத்தை அக்டோபரில் வந்த அறிக்கையால் முழுசாகத் துடைக்க முடியவில்லை.

அப்படிப்பட்ட நிலையிலிருந்துதான் செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில், ஒரே நாளில், 40,000 இடங்களில் 28 லட்சத்துக்கும் அதிகமான ஊசி போட்டோம். கறி சாப்பிட்டால் ஊசி போடக்கூடாது என்ற நம்பிக்கையால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் குறைகிறது என்று தெரிந்ததும் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். வந்தவர்களைத் திட்டாமல் தேதியை மாற்றினார்களே, அது எனக்குப் பிடித்தது. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் குடியிருப்புகளில் ஆரம்பத்தில் சுகாதாரப் பணியாளர்களைக் கண்டதும் சிலர் காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். மூப்பர்களையும் படித்த பழங்குடி இளைஞர்களையும் கூட வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போய், ஜூன் கடைசிக்குள் 18 வயது தாண்டிய ஏறத்தாழ எல்லாருக்கும் முதல் தவணை போட்டுவிட்டார்கள். திருவாரூர் மாவட்டத்தில் காட்டூர் ஊராட்சி முதல் தவணையை முழுமையாக முடித்ததாக ஜூலையில் அறிவித்தார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளம் மீனவக் கிராமத்தில் தொண்டு செய்கிறவர்கள் பிரியாணி போட்டு, குலுக்கலில் பரிசு கொடுத்து இளைஞர்களை வரவழைத்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வழி பலித்திருக்கிறது. எல்லா வழியிலும் ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நின்றிருக்கிறார்.

இப்போது மாநிலம் முழுக்க முதல் தவணை நூற்றுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டாவது தவணை இன்னும் அறுபதைத் தொடவில்லை. இந்த இடைவெளியில் விழுந்து கிடப்பவர்கள் யார் என்பதுதான் என் கவலை.

அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். மார்ச் மாதத்திலேயே 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் முதலில் கதவைத் திறந்தார்கள். ஆனால் பயந்து பின்வாங்கியவர்களும் அவர்கள்தான். "இந்த வயசுல எனக்கெதுக்கு", "நான் வீட்டை விட்டே போறதில்லையே" என்று அவர்களே சொல்வார்கள். "சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, போட்டா ஏதாவது ஆயிடும்" என்று மகனோ மருமகளோ சொல்வார்கள். சுகரும் பிரஷரும் இருப்பவர்களுக்குத்தான் இந்த நோய் எமனாக வருகிறது, அவர்களுக்குத்தான் ஊசி முதலில் வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டை விட்டுப் போகாத பாட்டிக்கு நோயை யார் கொண்டுவருவார்கள்? பொங்கலுக்கு வந்து காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கும் பேரன்தான் கொண்டுவருவான். அவனுக்குத் தொண்டை லேசாகக் கரகரத்திருக்கும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் என்று நினைத்துக்கொள்வான்.

ஒமைக்ரானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கா நவம்பர் 24 அன்று இதைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. இரண்டே நாளில் இதைக் கவலைக்குரிய திரிபு என்று அந்த நிறுவனம் அறிவித்தது. டிசம்பர் 2 அன்று கர்நாடகத்தில் இரண்டு பேருக்கு உறுதியானது. டிசம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் முதல் ஆள், நைஜீரியாவிலிருந்து வந்தவர். டிசம்பர் 23 அன்று எண்ணிக்கை 34. ஒரே வாரத்தில் ஒன்று 34 ஆனது என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சோதனையில் கண்டுபிடித்தவர்கள் மட்டும்தான் இந்த 34. மரபணுவைப் படித்துப் பார்த்துத்தான் எந்தத் திரிபு என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு நாள் பிடிக்கும். முன்பு நம் மாதிரிகள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தன. செப்டம்பரில் சென்னையிலேயே மாநில அரசு சொந்தமாக ஒரு மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறந்தது நல்ல விஷயம். ஆனாலும் உங்கள் ஊரில் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவருக்கு வந்திருப்பது பழைய திரிபான டெல்டாவா, ஒமைக்ரானா என்று யாரும் உங்களுக்கு உடனே வந்து சொல்லப் போவதில்லை. "நம்ம ஊர்ல வந்துடுச்சுன்னு சொன்னாங்கன்னா பார்த்துக்கலாம்" என்று காத்திருந்தால், அப்படிச் சொல்வதற்குள் அது தெருத் தெருவாகப் போய்விட்டிருக்கும்.

இந்தக் கிருமியின் மேலே முள் முள்ளாக இருக்குமே, அந்த முள்ளை வைத்துத்தான் நம் உடம்புக்குள் நுழைகிறது. ஒமைக்ரானுக்கு அந்த முள்ளில் மட்டும் 30க்கு மேல் மாற்றங்கள் இருக்கின்றன. நாம் போட்ட ஊசி பழைய முள்ளைக் காட்டித்தான் உடம்பைப் பழக்கியது. அதனால்தான் இரண்டு தவணை போட்டவர்களுக்கும் இது தொற்றுகிறது. தமிழ்நாட்டின் முதல் நோயாளியும் இரண்டு தவணையும் போட்டவர்தான். இதைச் சொன்னதும் ஊரில் ஒரு கேள்வி வரும்: "அப்போ ஊசி போட்டு என்ன பிரயோஜனம்?" நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். தொற்றைத் தடுப்பதில் ஊசியின் பலம் குறைந்திருக்கிறது. நுரையீரல் வரைக்கும் போய், ஆக்சிஜன் வைக்கிற நிலைமைக்குக் கொண்டுபோவதைத் தடுப்பதில் இன்னும் பெரிய அளவுக்கு நிற்கிறது. முள் மாறினாலும் உடம்பு பழகிய பாடம் முழுசாக வீணாவதில்லை. ஒரு தவணையோடு நிற்பவர்களுக்கு அந்தப் பாடம் அரைகுறை. ஒன்றும் போடாதவர்களுக்கு அதுவும் இல்லை.

"இது லேசான நோய்தானாமே" என்ற பேச்சும் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் செய்திகள் அப்படித்தான் இருக்கின்றன, நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அங்கே மக்கள்தொகையில் இளைஞர்கள் அதிகம், முந்தைய அலைகளில் ஏற்கெனவே தொற்று வந்துபோனவர்களும் அதிகம். ஊசியும் போடாத, சர்க்கரையும் இருக்கிற, எழுபது வயதுக்காரருக்கு இது லேசாக இருக்கும் என்று அந்தச் செய்தியை வைத்து முடிவு கட்ட முடியாது. அதோடு டெல்டாவும் எங்கேயும் போய்விடவில்லை. இப்போது தமிழ்நாட்டில் நாளுக்கு 600 பேர் போலத் தொற்றோடு வருகிறார்களே, அதில் பெரும்பகுதி டெல்டாதான். அந்த டெல்டாதான் மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேரைப் பிடித்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை டிவியில் பார்த்தீர்கள். உங்கள் ஊரில் ஆம்புலன்ஸே வராமல், "காய்ச்சல்ல போயிட்டார்" என்று சொல்லிப் புதைத்தவர்களையும் உங்களுக்குத் தெரியும்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்?

உங்களில் பெரும்பாலோர் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வந்தவர்கள். ஒன்பது மாவட்டத்துக்காரர்கள் இந்த அக்டோபரில்தான் வந்தீர்கள், எங்கள் விழுப்புரமும் அதில் உண்டு. தேர்தல் சமயத்தில் உங்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வார்டு வார்டாகப் பிரித்து வைத்திருந்தீர்கள். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் திருப்பூரில் இருக்கிறார்கள், யாருக்கு போன் போட்டால் வருவார்கள், யார் நடக்க முடியாதவர், யார் இறந்தும் பெயர் நீக்கப்படாமல் இருக்கிறார் என்று விரல் நுனியில் வைத்திருந்தீர்கள். படுக்கையில் கிடந்த பாட்டியை ஆட்டோவில் ஏற்றி, இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிவந்து ஓட்டுப் போட வைத்தீர்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதே பட்டியலை, அதே உழைப்பை இந்த வாரம் இன்னொரு முறை எடுங்கள் என்று கேட்கிறேன்.

சுகாதாரத் துறையிடம் இருப்பது கோவின் என்ற தடுப்பூசிப் பதிவு இணையதளத்தில் பதிவான எண்ணிக்கை. அதில் ஊசி போட்டவர்களின் பெயர்தான் இருக்கும். போடாதவர்களின் பெயர் அதில் எங்கேயும் கிடையாது, அவர்கள் கழித்தலில் மிஞ்சுகிற எண்ணாகத்தான் இருக்கிறார்கள். செவிலியருக்குப் பல ஊர் பொறுப்பு, கர்ப்பிணிகளையும் பார்க்க வேண்டும், குழந்தைகளுக்கான வழக்கமான ஊசியையும் விட முடியாது. போடாதவர் யார் என்று பெயரோடு சொல்லக்கூடிய ஒரே இடம் ஊராட்சி. வாக்காளர் பட்டியலை நகலெடுத்து, ஊராட்சிச் செயலர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி, டேங்க் ஆபரேட்டர் நான்கு பேரையும் ஒரு சாயங்காலம் உட்கார வைத்தால் போதும். தண்ணீர் திறந்துவிடுகிறவருக்குத் தெரியாத வீடு ஊரில் உண்டா? போட்டவர், ஒன்று போட்டவர், போடாதவர் என்று குறித்துவிடலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நோயுள்ளவர்களுக்கும் தனிக் குறி போடுங்கள். ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் உங்கள் ஊருக்கு வந்திருந்தால், சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வந்து கொடுக்கும் தன்னார்வலர் பெண்ணிடம் அந்த நோயாளிகளின் பட்டியல் ஏற்கெனவே இருக்கும். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. போனில் வந்த குறுஞ்செய்தியை மட்டும் நம்பிக் குறிக்காதீர்கள். இரண்டாவது ஊசி போடாத சிலருக்கும் "வெற்றிகரமாகப் போட்டுக்கொண்டீர்கள்" என்று செய்தி வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டிக்கு அப்படித்தான் வந்தது. எங்கே தவறு நடந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தச் செய்தி வந்த நிமிடத்திலேயே அவர் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டார், யாரும் தேடி வரவில்லை. இலக்கை எட்ட வேண்டும் என்று மேலிருந்து அழுத்தும்போது இப்படி நடக்கத்தான் செய்யும். ஆளை நேரில் கேளுங்கள், அவர் வாயால் சொல்வதை எழுதுங்கள். அது பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பட்டியலைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊராட்சி நூறு சதவீதம் என்று பலகை வைக்க அவசரப்பட வேண்டாம்.

பட்டியல் இருந்தால் இன்னொரு பெரிய தடையும் நீங்கும். கோவிஷீல்டு மருந்துக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கிறது. திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஒரு மாற்றுத்திறனாளி வீட்டில் இருக்கிறார், வாருங்கள் என்றால் செவிலியர் தயங்குவதற்குக் காரணம் சோம்பல் கிடையாது, ஒருவருக்காகக் குப்பியைத் திறந்து ஒன்பது பேருடையதை வீணாக்க மனம் வராததுதான். அதே தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பத்துப் பேரை நீங்கள் கோர்த்து வைத்துவிட்டுக் கூப்பிட்டால் அந்தத் தயக்கத்துக்கு வேலையே இல்லை. ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். செவிலியரோடு நீங்களே வீட்டுக்குள் போங்கள். தலைவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் மறுத்துப் பேசுகிற பெரியவர்கள் குறைவு.

முகாமை எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஊர் நடுவில் கோயில் பக்கத்து மண்டபத்தில் போட்டுவிட்டு, "காலனிக்காரங்க யாரும் வரலை, அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்த மண்டபத்தில் அவர்கள் வேறு எதற்காவது வந்து உட்கார முடிந்திருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் போடுங்கள், இல்லையென்றால் காலனியில் ஒன்று, ஊரில் ஒன்று என்று இரண்டு நாள் போடுங்கள். தனித் தொகுதியில் ஜெயித்து வந்து, நாற்காலிக்கே போராட வேண்டியிருக்கும் தலைவர்கள் உங்களில் இருக்கிறார்கள். உங்கள் வார்த்தைக்கு ஊர்த் தெருவில் ஒத்துழைப்பு கிடைக்காவிட்டால் வட்டார மருத்துவ அலுவலரையும் வட்டார வளர்ச்சி அலுவலரையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். இது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட வேலை.

பெண் தலைவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாதி இடம் நம்முடையது. ஆனால் முகாம் அன்றைக்குப் பல ஊர்களில் கணவர்தான் வந்து நிற்கிறார். இந்த ஒரு வேலைக்காவது நீங்களே வாருங்கள், அம்மா. பாட்டிகள் சந்தேகத்தை உங்களிடம்தான் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கும் ஜூலை மாதத்திலிருந்து ஊசி போடலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். ஆனாலும் எத்தனை மாமியார்கள் "குழந்தை பிறக்கட்டும்" என்று தடுத்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அந்த மாமியாரிடம் சமையலறையில் நின்று பேச உங்களால்தான் முடியும்.

கூலி வேலை செய்கிறவர்களின் தயக்கம் வேறு. ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், அந்த நாள் கூலி போச்சு. இது மூடநம்பிக்கை கிடையாது, வயிற்றுக் கணக்கு. நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலேயே, வாரக் கடைசி வேலை நாளில் சாயங்காலம் முகாமை வைத்தால் மறுநாள் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். பாராசிட்டமால் கையில் கொடுத்து அனுப்புங்கள். பக்கவிளைவை மறைக்காமல் சொல்லுங்கள்: காய்ச்சல் இரண்டு நாளில் போய்விடும், மிக மிக அரிதாக ரத்தம் உறையும் பிரச்சினை பதிவாகியிருக்கிறது, ஊசி போட்ட மூன்று வாரத்துக்குள் தாங்க முடியாத தலைவலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உண்மையை முன்கூட்டியே சொன்ன ஊரில் இரண்டாவது தவணைக்கு ஆள் திரும்பி வருகிறார்கள், மறைத்த ஊரில் வருவதில்லை. என் அனுபவத்தில் பார்த்தது இது.

அதே காரணத்துக்காக மிரட்டலும் வேண்டாம். ஊசி போடாவிட்டால் ரேஷன் அரிசி கிடையாது, நூறு நாள் வேலை கிடையாது என்று சில ஊர்களில் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். ஊசி போடுவது அவரவர் விருப்பம் என்று ஒன்றிய அரசே சொல்லியிருக்கிறது. பசிக்குப் பயந்து கை நீட்டுகிறவர் அடுத்த தவணைக்கு ஒளிந்துகொள்வார், குழந்தைக்குப் போட வேண்டிய மற்ற ஊசிகளையும் சந்தேகிப்பார். போலியோ காலத்தில் நாங்கள் கதவைத் தட்டி, திட்டு வாங்கி, மறுநாளும் போய்த் தட்டித்தான் அதை ஒழித்தோம். ஒருவருடைய அரிசியையும் நிறுத்தியதில்லை.

உங்கள் வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்களும் உங்கள் எல்லைக்குள் இருக்கிறார்கள். செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் இருளர்கள், கரும்பு வெட்ட வந்திருப்பவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிற பையன்கள். இவர்கள் வாக்கு உங்களுக்குக் கிடைக்காது. ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இவர்களில் உண்டு. அடையாள அட்டை எதுவும் இல்லாதவர்களுக்கும் ஊசி போடலாம் என்று மே மாதத்திலேயே ஒன்றிய சுகாதார அமைச்சகம் வழிமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. முதல் தவணையை வேறு ஊரில் போட்டவர் இரண்டாவதை உங்கள் ஊரில் போட்டுக்கொள்ளலாம். சூளை முதலாளியிடம் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தச் சொல்ல ஒரு செவிலியரால் முடியாது, உங்களால் முடியும்.

அப்புறம், ஜனவரி 3 முதல் 15 வயதிலிருந்து 18 வரை உள்ள பிள்ளைகளுக்குக் கோவாக்சின் போடப் போகிறார்கள். ஜனவரி 10 முதல் சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், நோயுள்ள முதியவர்களுக்கு இன்னொரு தவணை. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் போடுவது எளிது. ஒரே நாளில் எண்ணிக்கை ஏறும், படம் எடுக்கலாம். அந்த வேகத்தில் ஒரு தவணைகூடப் போடாத பாட்டி மறக்கப்பட்டுவிடக் கூடாது. செவிலியருக்கு இரண்டு கைதான். ஜனவரி 3க்கு முன்னால் பெரியவர்களை முடித்துவிட்டால் அவரும் நிம்மதியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். ஜனவரி 26 கிராம சபையில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அதற்குள் பொங்கல் முடிந்து, வந்தவர்களெல்லாம் திரும்பிப் போயிருப்பார்கள்.

பொங்கலைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போன வருடமும் இந்த வருடமும் எவ்வளவு இழந்தோம், இப்போது மழையும் நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிக் கிடக்கிறது, பிள்ளைகள் வரட்டும். வருகிறவர்களுக்கு இப்போதே ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: இரண்டாவது தவணை பாக்கி இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், சளி காய்ச்சல் இருந்தால் சோதனை செய்துவிட்டு வாருங்கள், வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் உட்காரும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தலைவர் பெயரில் வந்தால் படிப்பார்கள். கோலப்போட்டி, உறியடி நடத்துகிற விழாக் குழுவைக் கூப்பிட்டுத் திறந்த வெளியில் நடத்தச் சொல்லுங்கள். பந்தியை மூடின மண்டபத்துக்குள் வைக்காமல் பந்தலில் வையுங்கள்.

காய்ச்சல் வந்த வீட்டை ஒதுக்கி வைக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. முதல் அலையில் தகரம் அடித்து மூடினோமே, அதற்குப் பயந்துதான் மேயில் பலர் கடைசி வரை சொல்லாமலே இருந்தார்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இரண்டை ஊராட்சிக் கணக்கில் வாங்கி அங்கன்வாடியில் வைத்தால், ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கும் ஆளை நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். 108க்கு மட்டும் காத்திருக்காமல், ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற ஒரு கார்க்காரர் நம்பரையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மடலைப் படிக்கிற தலைவர் யாராக இருந்தாலும் இன்று சாயங்காலம் செயலரைக் கூப்பிட்டுப் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் காலையில் உங்கள் துணை சுகாதார நிலையச் செவிலியருக்கு போன் போட்டு, "அம்மா, என்கிட்ட இத்தனை பேர் பேர் எழுதி வச்சிருக்கேன், எப்போ வர்றீங்க?" என்று கேளுங்கள். எந்த நேரமானாலும் அவர் வருவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்